தோற்றால்தான் வருவான்

ஒரு விளையாட்டு அணி தோற்க வேண்டும் என்று நான் முழங்காலில் நின்று ஜெபித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அந்த அணியின் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இன்றுவரை அதன் விதிகளும் எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் அன்று ஜெபித்ததுபோல அதற்கு முன்னும் பின்னும் நான் ஜெபித்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கிழக்குத் தாம்பரத்தில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அண்ணன் அமெரிக்கா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு பெரிய நகரத்துப் பத்திரிகையில், அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை.

அப்பா, நான் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய வருடமே இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுநாள் பெரியப்பா அம்மாவிடம், "பொட்டப் பிள்ளைய மேல படிக்க வெச்சு இன்னா ஆவப்போவுது?" என்று கேட்டார். அண்ணன் எழுந்து அவருடைய குடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தான். நான் கல்லூரிக்குப் போனது அவனால்தான்.

எங்கள் சபையில் மணப்பெண்ணை அப்பா கைபிடித்துப் பீடம் வரை அழைத்துப் போவார். அப்பா இல்லையென்றால் அண்ணன். அவனும் இல்லையென்றால் பெரியப்பா. அவர் ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோட்டின் கையை நான் பிடித்துக்கொண்டு நடப்பதைவிடத் தனியாகவே பீடத்துக்குப் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

தேதியைத் தள்ளவும் வழியில்லை. மாப்பிள்ளைக்கு வடக்கே ரயில்வேயில் வேலை. ஜனவரிக் கடைசியில் இரண்டு வாரம்தான் லீவு. பிப்ரவரியில் லெந்து உபவாச நாட்கள் தொடங்கிவிட்டால் கோயிலில் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது.

டிசம்பரில் அண்ணனின் கடிதம் வந்தது. அவன் ஊர் ஃபுட்பால் அணி, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கடைசிக் கட்டப் போட்டிகளுக்குத் தேர்வாகியிருந்தது. பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு அதிகம் வேலையில்லை, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள் என்று எழுதியிருந்தான். அணி போட்டியில் இருக்கும் வரை பத்திரிகையை இரண்டு மடங்கு அச்சடிக்க வேண்டும், இயந்திரப் பிரிவில் யாருக்கும் லீவு இல்லை. மொத்தம் மூன்று ஆட்டம், ஒன்றில் தோற்றாலும் அணி வெளியே. அப்படி வெளியே வந்தால் மறுநாளே தந்தி கொடுத்துவிட்டுப் புறப்படுவான். மூன்றையும் ஜெயித்துக் கோப்பை வாங்கிவிட்டால் ஊர்வலம், சிறப்பு மலர் என்று அந்த வாரமும் போய்விடும், என் கல்யாணமும் முடிந்துவிடும்.

கடைசியில், "இங்கே எல்லோரும் வேண்டிக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு வரி. கூடவே பத்திரிகையில் வந்த படம் ஒன்றை வெட்டி வைத்திருந்தான். தலையில் கவசமும் தோளில் மெத்தையுமாக ஐந்தாறு தடியர்கள் சேற்றில் கிடந்தார்கள். அம்மா அதைத் தன் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது நான் அரையாண்டுத் தேர்வுத் தாள்களில் மூழ்கிக் கிடந்தேன். கடிதத்தை ஒரு தடவை வேகமாகப் படித்துக் காட்டியதோடு சரி. அம்மாவின் மனதில் எது தங்கியது என்று கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

டிசம்பர் கடைசி ஞாயிறு, கோயிலில் எங்களுடைய முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பதுதான் ஓலை. வெட்கத்தில் தலையைக் குனிந்திருந்த நான், அடுத்து வந்த ஜெபக் குறிப்பைக் கேட்டு நிமிர்ந்துவிட்டேன். "நம் சகோதரியின் மகன் அமெரிக்காவில் வேலை செய்யும் ஊரின் ஃபுட்பால் குழு ஜெயம் பெறவும், அவர் சுகமாய் வந்து சேரவும் ஜெபிப்போம்" என்று வாசித்தார் ஆயர். சபை முழுக்க ஆமென் சொன்னது. அன்றுதான் அங்கே முதல் ஆட்டம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெயிக்கணும்னு ஏம்மா எழுதிக் குடுத்தீங்க? தோத்தாதாம்மா அவன் வருவான்."

"ஜெயிச்சா வேலை முடிஞ்சுரும் இல்ல? சந்தோஷமா லீவு குடுப்பாங்க."

"ஜெயிச்சா அடுத்த மேட்ச். தோக்குறவங்கதான் வீட்டுக்குப் போவாங்க."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது என்னடி விளையாட்டு, ஜெயிக்கிறவனுக்கு மேல மேல வேலை வெக்கிறாங்க" என்றார். ஒருத்தர் நன்றாகச் செய்தால் விடுமுறை கொடுப்பார்கள் என்றுதான் அவருக்குத் தெரியும். அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்கச் சொன்னேன் என்பது வேறு விஷயம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வாசலில் நின்று தந்திக்காரரைப் பார்த்தோம். மற்ற வீடுகளில் தந்தி என்றால் நெஞ்சு பதறும். எங்கள் வீட்டில் அது வரவில்லையே என்று பதறினோம். சைக்கிளில் போனவர் எங்களைப் பார்த்து, "இன்னாமா, தெனம் வாசல்லயே நிக்கிற? தந்தி கீதுன்னா நான் குட்காம பூடுவனா?" என்றார்.

தந்தி வரவில்லை. ஆகவே ஜெயித்துவிட்டார்கள்.

அந்த வாரம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எல்லோரும் ஆவலாகக் கேட்டார்கள். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "ஜெயிச்சுட்டாங்க" என்று முகம் செத்துப்போய்ச் சொல்லியிருக்கிறார். பெண்கள் உற்சாகமாக ஸ்தோத்திரம் சொல்லி, அடுத்த ஆட்டத்துக்கும் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா, ஆயரின் மனைவி ஆயரம்மாவைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல, அவர், "யாரும் தோக்கணும்னு ஜெபம் பண்ணக் கூடாதும்மா. பையன் வரணும்னு மட்டும் கேப்போம்" என்றாராம். நல்ல மனுஷிதான். ஆனால் மற்றவர்களை அவராலும் நிறுத்த முடியவில்லை. இப்போது மறைமலை நகர் என்கிறோமே, அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அக்கா அந்த அணிக்காக உபவாசமே இருந்தார்.

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு இரண்டாவது ஆட்டம். அதற்கும் தந்தி வரவில்லை. மூன்றாம் ஓலை ஞாயிறு ஆட்டமில்லை, இறுதி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வாரம் ஓய்வு கொடுப்பார்களாம். அன்று பெரியப்பா கோட்டைப் போட்டுக்கொண்டே கோயிலுக்கு வந்திருந்தார், அளவு பார்க்க.

அதற்கடுத்த ஞாயிறு இறுதி ஆட்டம். வியாழக்கிழமை சாயங்காலம் என் கல்யாணம். ஞாயிறு மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன். ஆயரம்மா சொன்னது நினைவிருந்தது. இருந்தும், "ஆண்டவரே, அவங்களைத் தோக்கடியும்" என்றுதான் வாய் சொன்னது. சேற்றில் கிடந்த அந்தத் தடியர்களின் முகங்களை நினைத்துக்கொண்டே சொன்னேன். அவர்கள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்கள், பாவம்.

செவ்வாய்க்கிழமை காலை தந்திக்காரர் சைக்கிளை நிறுத்தினார். அம்மா "ஐயோ" என்று ஓடி வந்ததைப் பார்த்து எதிர்வீட்டு அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் தலைவிரிகோலமாக ஓடி வந்தார்கள். பிரித்துப் படித்தேன். தோற்றோம், வருகிறேன், இவ்வளவுதான். அம்மா, "தோத்துட்டாங்க, ஸ்தோத்திரம்" என்று சத்தமாக அழுதார். எதிர்வீட்டு அம்மாவும் யார் போய்விட்டார் என்று தெரியாமலே அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வியாழன் காலை மீனம்பாக்கத்திலிருந்து அண்ணன் வந்து இறங்கினான். ஆள் பெருத்திருந்தான், முன்னந்தலையில் முடி குறைந்திருந்தது. சிரித்தான், சாப்பிட்டான், எல்லோரையும் விசாரித்தான். பெரியப்பாவின் கோட்டு நன்றாக இருப்பதாகக்கூடச் சொன்னான். ஆனால் நடுநடுவே அவன் பார்வை எங்கோ போய்விடும். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பூ ஜோடித்த அம்பாசடரில் அவனும் நானும் பின்சீட்டில் கோயிலுக்குப் புறப்பட்டோம். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. சேலையும் முக்காடும் கசங்காமல் நான் பொம்மைபோல உட்கார்ந்திருந்தேன். மனதில் இருந்ததை அப்போதே கொட்டிவிடலாம் என்று தோன்றியது.

"அண்ணா, உங்க டீம் தோக்கணும்னு நான் ஜெபம் பண்ணேன். கோவிச்சுக்காதே."

அவன் ரயில் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் ரூம்ல எல்லாரும் ரேடியோ பக்கத்துல நின்னோம். எங்க ஃபோர்மேன், அறுபது வயசு ஆளு, நான் போன முதல் குளிர்காலத்துல தன்னோட கோட்டைக் கழட்டிக் குடுத்தவரு. இந்தக் கோப்பைக்காகச் சின்ன வயசுலேர்ந்து காத்துகிட்டு இருந்தவரு. கடைசி நிமிஷத்துல எதிர் டீம்காரன் பந்தை எல்லைக்குள்ள கொண்டுபோயிட்டான். அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. ரூம்ல ஒரு சத்தம் இல்ல."

மின்சார ரயில் கடகடவென்று கடந்து போனது. அது போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"நான் கை தட்டிட்டேன். தெரிஞ்சு தட்டல. உன்னைக் கூட்டிட்டு நடக்கப் போறேன்னு நெனைச்சேன், கை தானா தட்டிருச்சு. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. கெளம்புறப்போ ஒருத்தரும் பேசல. ஃபோர்மேன் மட்டும் லீவு சீட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு, என் முகத்தைப் பார்க்காம."

கேட் திறந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஆறு வருடமாக அந்தக் குளிரில் அவனுக்கென்று இருந்த மனிதர்கள் அவர்கள்தான். கோயில் வாசலில் அவன் இறங்கி எனக்குக் கையை நீட்டினான். அந்தக் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பீடத்துக்கு முன்னால் ஆயர் விடச் சொன்ன பிறகும் என்னால் உடனே விட முடியவில்லை.