தானாக ஆடிய தூளி

அந்தத் தூளி யாரும் தொடாமல் ஆடியது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் சித்தி வீட்டுக் கூடம். உத்தரத்து வளையத்தில் கட்டிய பச்சை நூல்சேலை. உள்ளே சித்தியின் ஐந்து மாதக் குழந்தை. மார்கழிப் பனிக்குப் பயந்து கதவு, சன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. காற்றே இல்லை. ஆனாலும் சேலை விடாமல் துடித்தது. எனக்கு எட்டு வயது. கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும் பழக்கம் அப்போதே உண்டு. சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு நகர்வதற்குள் எழுபத்திரண்டு துடிப்பு.

சித்தி பயப்படவில்லை, சிரித்தாள். "எங்க மாமனாருதான் ஆட்டுறாரு. பேரனைப் பாக்காமப் போனவராச்சே, விட்டுட்டுப் போக மனசு வருமா?" இருமலுக்கு ஓமத்தண்ணீர் கொடுத்தாயிற்று, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி. சாயங்காலம் தூளி நின்றது. "இப்பதான் அசந்து தூங்குறான்" என்றாள் சித்தி, குரலைத் தாழ்த்தி. வெகுநேரம் எல்லோரும் சத்தம் போடாமல் நடந்தோம். விளக்கு வைத்தபின் தூக்கியபோது குழந்தை குளிர்ந்திருந்தது.

இன்று நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஐந்து மாதக் குழந்தைக்கு மூச்சு நிமிடத்துக்கு ஐம்பதைத் தொட்டாலே நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பது மனப்பாடம். அதை உண்டாக்கும் முக்கியமான கிருமி ஒன்றுக்கு எதிரான ஊசி அன்று அரசு மையங்களில் கிடையாது. இன்று உண்டு: ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பது மாதம். எழுபத்திரண்டை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

சென்ற புதன்கிழமை ஊசிப் பட்டியலில் இருந்தவர்களில் சித்தி மகளின் மூன்றரை மாதக் குழந்தை மட்டும் வரவில்லை. தேடிப் போனேன். அதே கூடம், அதே வளையம். "முதல் ஊசிக்கே ரெண்டு நாள் காய்ச்சல்க்கா. இப்ப தூங்குறான், எழுப்பாதீங்க" என்றாள் தங்கை. தூளி நடுங்கிக்கொண்டிருந்தது. சித்தி மூலையில் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் மின்விசிறியை நிறுத்தினேன். தூளி நின்றது. சித்தி எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சேலையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்.

"முப்பத்தெட்டு. நல்லாயிருக்கான் சித்தி."

"அன்னிக்கு எவ்வளவுடி இருந்திருக்கும்?"

"எழுவத்திரெண்டு. எண்ணுனேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தூளிக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள். "மாமா, ஆட்டுனது போதும்" என்றாள். யாரையும் 'போயிட்டு வாங்க' என்றே அனுப்புகிறவள், "போங்க" என்று மட்டும் சொன்னாள். பிறகு தூங்குகிற குழந்தையைத் தானே வாரித் தோளில் போட்டுக்கொண்டு, "என்னடி பாத்துக்கிட்டு நிக்கிறே, செருப்பை மாட்டு" என்று மகளை அதட்டினாள்.

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். விசிறி நின்றிருந்தது. காலித் தூளி ஆடிக்கொண்டிருந்தது. இம்முறை நான் எண்ணவில்லை.