நாற்பத்தொன்று எடுக்கவில்லை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர்களை விடாமல் துரத்துவதுதான் அவளுடைய வேலை. துரத்துவது என்றால் போனில். பெரிய டாக்டரின் ஆய்வுப் பிரிவில் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு போன், மூன்று அடுக்குக் கோப்புகள். கணையம் பச்சை, கல்லீரல் நீலம், எடைக் குறைப்பு மஞ்சள். ஆபரேஷன் நடந்த அதே தேதியில் ஆண்டுதோறும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தாளில் உள்ள கேள்விகளைக் கேட்டு எழுத வேண்டும். நர்சுகள் அவளுக்கு ‘போன் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வயதில் மூத்த நர்சுகூட அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பச்சைக் கோப்பில் நோயாளியே போனை எடுக்கவில்லை என்றால் அவளுக்கு விஷயம் புரிந்துவிடும். பெரும்பாலும் மனைவியோ மகளோ எடுத்து, “அவர் போயி நாலு மாசம் ஆச்சுங்க” என்பார்கள். அதை எழுதவும் தாளில் ஒரு கட்டம் உண்டு. நீலக் கோப்புக்காரர்கள் தங்கமானவர்கள். இவள் மறந்தாலும் அவர்களே கூப்பிட்டு ரத்தப் பரிசோதனை முடிவை வாசிப்பார்கள். மஞ்சள் கோப்புதான் தலைவலி. எல்லோரும் உயிரோடு, சௌகரியமாக, கையில் போனை வைத்துக்கொண்டே எடுக்காமல் இருப்பார்கள். அப்படியே எடுத்தாலும் வீட்டு எடை மெஷின் ரிப்பேர் என்பார்கள். பஸ்ஸில் இருக்கிறேன் என்பார்கள், பின்னால் அவர்கள் வீட்டு மிக்ஸி ஓடும். போன வருடம் சொன்ன எடையையே இந்த வருடமும் கிராம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். எந்தச் சாக்கு எந்தக் குரலில் வரும் என்று அவளுக்கு அத்துப்படி.

அத்துப்படியாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மஞ்சள் கோப்பில் நாற்பத்தொன்றாம் எண் அவளேதான்.

ஐந்து வருடத்துக்கு முன் நூற்றுப் பதினெட்டுக் கிலோவோடு இதே மருத்துவமனைக்கு வந்து படுத்தவள். இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கி அனுப்பினார் பெரிய டாக்டர். ஒரு வருடத்தில் எழுபத்தொன்றுக்கு வந்தாள். அந்த வருடப் பரிசோதனைக்கு வந்தபோது, அவள் தாளை நிரப்பியிருந்த அழகைப் பார்த்து டாக்டருக்குப் பிடித்துப்போயிற்று. “உங்கள மாதிரி ஒருத்தர் கேட்டா மத்தவங்க மனசு விட்டுப் பேசுவாங்க. இங்கயே வேலைக்கு வந்துடுங்க” என்றார். அன்று அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

அன்றுதான் மாட்டிக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நடைக்கூடத்துச் சுவரில் அவளுடைய இரண்டு படங்கள் ஏறின. முன், பின். கண்ணை மறைத்துக் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். யாருக்கும் தெரியக் கூடாதாம். ஆனால் புதிதாக வரும் நோயாளி ஒவ்வொருவரையும் டாக்டரே அவள் அறைக்கு அழைத்து வந்து, “படத்துல இருக்கறவங்க இவங்கதான்” என்று காட்டிவிட்டுப் போவார். வந்தவர்கள் அவளைத் தலை முதல் கால்வரை பார்ப்பார்கள். ஒரு அம்மாள் இடுப்பைத் தொட்டே பார்த்தாள்.

மூன்றாவது வருடம் எடை திரும்ப ஆரம்பித்தது. சின்ன இரைப்பையில் சாப்பாடு நாலு வாய்க்கு மேல் இறங்காது. ஆனால் பிஸ்கட் இறங்கும். மென்மையானதும் இனிப்பானதும் எதையும் கேட்காமல் உள்ளே போய்விடும். மேசை இழுப்பறையில் பச்சைக் கோப்புக்குப் பின்னால் ஒரு பாக்கெட் எப்போதும் இருந்தது. ‘அவர் போயிட்டாருங்க’ என்று ஒரு குரல் சொன்ன பிறகு அடுத்த எண்ணை அழுத்துவதற்குள் இரண்டு பிஸ்கட் காலியாகியிருக்கும். தொளதொளவென்று ஒரு வெள்ளைக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள். வீட்டு எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“அதை எதுக்கு ஒளிக்கற? அது என்ன போலீஸா?” என்று கேட்டார் அவள் கணவர்.

“போலீஸ் தேவலை. நாம சொன்னாத்தான் எழுதுவாங்க. இது கேக்காமலே காட்டிக்குடுத்துடும்.”

“டாக்டர்கிட்ட சொல்லிடேன். அவர் என்ன கடிச்சா சாப்பிடப் போறார்?”

அவருக்கென்ன, அச்சகத்தில் வேலை, சுவரில் அவர் படமா தொங்குகிறது? சொன்னால் வேலை போகும் என்று அவள் நினைத்தாள். வேலைகூடப் பெரிதில்லை. அவளைப் பார்த்து நம்பிப் படுத்தவர்கள் இருநூறு பேர் இருப்பார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கமாக இருந்தது. யாரையும் திட்ட முடியாத கோபமும் இருந்தது.

இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுக் கணக்கெடுப்பு. டாக்டரின் கட்டுரைக்கு உயிரே அதுதான். “முதல் வருஷம் எல்லாருக்கும் குறையும். அஞ்சாவது வருஷத்தைச் சொல்லு, அதுதான் ஆராய்ச்சி” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆய்வுத் தாளில் பெயர் இருக்கக் கூடாது, எண்ணும் போன் நம்பரும் மட்டும்தான். எந்த எண் யார் என்கிற நோட்டு அவள் இழுப்பறையில் பூட்டியிருந்தது. ஆகவே தன் தாள் வந்த நாளில் அவள் மற்றவர்களிடம் கற்ற வித்தையையே செய்தாள். நாற்பத்தொன்றுக்கு நேரே மூன்று தேதிகள் போட்டு, மூன்றிலும் ‘எடுக்கவில்லை’ என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினாள். மூன்று அடி தூரத்தில் தன் போன் சும்மா கிடந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அதை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்று தடவை எடுக்காதவர்களை டாக்டரே கூப்பிடுவார் என்பது அந்தப் பிரிவின் விதி. அந்த விதிக்கான பட்டியலைத் தயாரிப்பவளே அவள்தான். பயத்தில் அதைக் கோட்டைவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தபோதுதான் சுரீரென்று உறைத்தது.

“பதினோரு பேர் காணோம். கணையக்காரங்க காணோம்னா எனக்குப் புரியும். இவங்களுக்கு என்ன?” என்றார். கோபமாக இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

“வேலையா இருப்பாங்க டாக்டர்.”

“இவங்களை விட்டுட்டு எழுதினா என் ஆபரேஷன் பிரமாதம்னு வரும். அது பொய். வெட்டினது நான், எனக்குத் தெரியணும்.”

மேசைப் போனை எடுத்து முதல் நம்பரை அழுத்தினார். பஸ்ஸில் இருந்தார்கள். இரண்டாவது, மெஷின் ரிப்பேர். மூன்றாவதாக நாற்பத்தொன்று. அவள் எழுந்து கழிப்பறைக்குப் போயிருக்கலாம். அதற்குள் அவர் அழுத்திவிட்டார். கோட்டுப் பையில் போன் மணியடித்தது.

“எடுங்க, வீட்லேருந்து அவசரமா இருக்கும்” என்றார் டாக்டர், காதில் போனை வைத்துக்கொண்டே, தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் எடுத்தாள். வேறு என்ன செய்ய?

“வணக்கம், உங்களுக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டர் பேசறேன்.”

“சொல்லுங்க டாக்டர்.”

ஒரே குரல் போனிலும் எதிரிலும் கேட்டதில் அவர் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மூன்று தேதிகளையும் பார்த்தார். ஒழுங்குக்குப் பேர்போன மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் தாளில் இருந்த முதல் கேள்வியைக் கேட்டார்.

“இன்னிக்கு எடை எவ்வளவு?”

கேட்டுப் பழகிய சாக்குகள் அத்தனையும் அவள் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. “தெரியல டாக்டர். மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சிருக்கேன்” என்றாள்.

அவர் போனை வைத்தார். “பக்கத்து ரூம்ல ஒண்ணு இருக்கு. வாங்க.”

கோட்டைக் கழற்றினாள், செருப்பைக் கழற்றினாள், ஏறினாள். எண்பத்தெட்டு. அவர் எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவரோ, “நல்லது, ஒருத்தர் கிடைச்சாச்சு” என்றார். முகத்தில் சந்தோஷமே தெரிந்தது.

“வேலை, டாக்டர்?”

“வேலைக்கு என்ன? இன்னும் பத்து பேர் இருக்காங்க, நீங்கதான் கண்டுபிடிக்கணும். எப்படி ஒளியறாங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்.”

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சிலேயே, இரண்டு வருடமாக மென்று முழுங்கியதைக் கேட்டுவிட்டாள். “அப்ப அந்தப் படத்தைக் கழட்டிடலாமா டாக்டர்?”

“எதுக்குக் கழட்டணும்?” என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு. “பக்கத்துல இடம் இருக்கே. மூணாவதா ஒண்ணு மாட்டலாம். எடை திரும்பின படத்தை யாருமே காட்டறதில்ல. வரவங்க எல்லாத்தையும் பார்த்துட்டு முடிவு பண்ணட்டும். உங்களுக்குச் சம்மதம்தானே?”

இருநூறு பேரின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்களுக்கு இதைக் காட்டத்தான் வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. அதனால் மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லாமல் போயிற்று. “ஆய்வு எத்தனை வருஷம் டாக்டர்?” என்று மட்டும் கேட்டாள்.

“பத்து.”

எக்ஸ்ரேக்காரர்தான் அங்கே படமும் எடுப்பவர். கேமராவோடு வந்து அவளைப் பழைய இடத்திலேயே, வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். முதல் தடவை, “சிரிக்காதீங்கம்மா, முன் படத்துல சிரிக்கக் கூடாது” என்று சொன்னவர். இரண்டாவது தடவை, “இப்ப நல்லாச் சிரிக்கலாம்” என்றவர்.

“இதுக்குச் சிரிக்கணுமா, வேணாமா?” என்று கேட்டாள் அவள்.

எக்ஸ்ரேக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தாளைப் பார்த்தார். தாளில் அதற்குக் கட்டம் இல்லை. இருவரும் அவளையே பார்த்தார்கள்.

“எப்படியோ எடுங்க. கண்ணுல மட்டும் பட்டை போட வேணாம்” என்றாள் அவள்.