சக்களத்திக்குக் காய்ச்சல்

என் கணவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பெண் வந்திருந்தால் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டிருப்பேன். வந்தது ஓர் அணைக்கட்டு. அரபு நாடு ஒன்றின் பாலைவனத்தில், எப்போதாவது பெய்யும் மழை வெள்ளமாகத் திரண்டு ஊர்களை அடித்துக்கொண்டு போகாமல் மறிப்பதற்குக் கட்டினார்கள். இவர் கொங்கிரீட் பரிசோதிக்கும் பொறியியலாளர். கம்பனி அங்கே அனுப்பிவிட்டது. நான் ஜேர்மனியில், ஹம்பேர்க் நகரத்தில் முதியோர் இல்லத்து வேலை, எஸ்-பான் ரயில், ஆளில்லாத வீடு என்று இருந்தேன்.

ஒரு நாள் தொலைபேசியில், “சூடு இறங்குதே இல்லை. பயமாக் கிடக்கு” என்றார். நான் பதறிப்போனேன்.

“டொக்டரிட்டைக் காட்டினியளோ?”

“எனக்கில்லையப்பா, சுவருக்கு. ஐஸ் போட்டுத்தான் கொங்கிரீட் குழைச்சனாங்கள். எண்டாலும் சூடு ஏறுது.”

சூடு ஏறினால் வெடிப்பு விழுந்துவிடுமாம். அதனால் ஈரச்சாக்குப் போர்த்தி, தண்ணீர் தெளித்து, பக்கத்திலேயே நிற்கிறாராம். அதே மாதம் எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்தது. “குளிசை போட்டனீரோ?” என்ற ஒரு கேள்வியோடு முடித்துக்கொண்டார். ஈரத்துணியை என் நெற்றியில் நானே போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தச் சுவருக்கு நான் வைத்த பெயர் சக்களத்தி.

லீவில் வந்து திரும்பும்போதெல்லாம், விமான நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டே, “சரி, போறன்” என்பார். எங்கள் ஆட்கள் யாராவது ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் போவார்களா? ‘போட்டு வாறன்’ என்றால்தானே திரும்பி வருவதாக அர்த்தம்! “ஒழுங்காச் சொல்லுங்கோ” என்று பின்னாலிருந்து கத்துவேன். கை காட்டிவிட்டுப் போய்விடுவார்.

வேலை முடிந்தபோது, அணையைப் பார்த்துவிட்டுச் சேர்ந்தே திரும்பலாம் என்று என்னையும் அங்கே கூப்பிட்டார். அவலட்சணமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனேன். இரண்டு மலைகளுக்கு நடுவில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், வெயிலில் வெளிர் மஞ்சளாக நின்றது. அழகாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். புறப்படும் நேரம் வாகனத்தை நிற்பாட்டிவிட்டு, இவர் மட்டும் இறங்கிப்போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். நான் பின்னாலேயே போனது அவருக்குத் தெரியாது.

“போட்டு வாறன், என்ன?” என்றார். சுவரிடம்!

விமானத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். களைப்பு என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்.

வீடு வந்த பிறகு முதல் வேலைநாள். இவர் மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, “சரி, போறன்” என்றேன்.

கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அப்பிடிச் சொல்லாதையும். போட்டு வாறன் எண்டு சொல்லும்.”

“அது சுவருக்குச் சொல்லுறதெண்டெல்லோ நினைச்சன்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. நான் படியிறங்கினேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தார்.

“ஒழுங்காச் சொல்லிப்போட்டுப் போமப்பா!” என்று பின்னாலிருந்து கத்தினார்.

நான் திரும்பாமல் கை காட்டிவிட்டுப் போனேன்.