மச்சம் எந்தப் பக்கம்

சூரியனைச் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. படம் திருத்தும் மென்பொருளில் புதிதாக ஒரு லேயர் திறந்து, ஓரம் மெத்தென்றிருக்கும் பிரஷ்ஷைப் பெரிதாக்கி, மவுஸை ஒரே ஒரு தடவை அழுத்தினால் வெள்ளையாக ஒரு வட்டம் விழும். அதன்மேல் மஞ்சள், அதைச் சுற்றிச் செம்மஞ்சள், வெளியே போகப்போகக் கொஞ்சம் ஊதா. மேகத்தின் ஓரங்களிலும் அந்த நிறத்தைத் தொட்டுவிட்டால் பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். கால் மணி நேர வேலை. மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கிட்ட ஒரு சின்ன ஸ்டூடியோவில் உட்கார்ந்து இருபது வருடமாக இதைத்தான் செய்கிறேன். எத்தனை சூரியன்களை மறைய வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் என் மனைவியின் முகம் உள்ளபடி இருக்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவள் இறந்து ஏழு வருடமாகிறது. அப்படி ஒரு படத்தைத் தேடித் தோற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் வீட்டுக்காரர் அலைகிற இடங்களில் ஸ்டூடியோவும் ஒன்று. சந்தியில் கட்டக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வேண்டும். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களின் கையில் கொடுக்க நினைவு மலர் வேண்டும். இரண்டிலும் இறந்தவரின் தலைக்குப் பின்னால் சூரியன் மறைந்தாக வேண்டும். அதுவும் கடலில் மறைய வேண்டும். வாவியில் மறைகிற சூரியனைக் காட்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். "கடலப் போடுங்க தம்பி, அதுதான் எடுப்பா இருக்கும்" என்பார்கள். எங்கள் கடலோ கிழக்கில் கிடக்கிறது. அதில் சூரியன் உதிக்குமே தவிர ஒருநாளும் மறையாது. வலை போடுகிறவருக்கும் இது தெரியும், வயல் செய்கிறவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்பார்கள். நானும் கல்லடிக் கடற்கரையில் விடியற்காலையில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, வெளிர்மஞ்சளைச் சிவப்பாக்கி, மேல்வானத்தைக் கறுப்பித்து, காலையை மாலையாக்கிக் கொடுத்து வந்தேன். வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டையே கதியென்று கிடந்து, கடலுக்கு ஒருநாளும் போயிராத மனுசனுக்கும் கடல் சூரியன்தான். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

கேட்ட ஒரே ஆள் என் மனைவி. மத்தியானச் சாப்பாட்டோடு கடைக்கு வருகிறவள், நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள்.

"என்ன இது, கிழக்கால பொழுது படுது? ஒங்கட கடைக்குள்ள மட்டும் உலகம் மறுபக்கமாச் சுத்துதா?"

"சனத்துக்கு அதுதான் விருப்பம்."

"சனத்துக்கு விருப்பமெண்டா மனுசருக்குக் கொம்பும் வச்சுக் குடுப்பீங்களா?"

அவள் சிரித்தால் கடைக்கு வெளியே கேட்கும். அந்தச் சிரிப்பை எந்தப் படத்திலும் பிடிக்க முடியவில்லை. கமராவைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வாள்.

அவள் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, மிளகு அளவில், கறுப்பாக. அவளுக்கு அது பிடிக்காது. பள்ளிக்கூடத்தில் ஈ குந்தியிருக்கிறது என்று கேலி செய்தார்களாம். கலியாணமான புதிதில் அவளை வாவிக்கரையில் நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கணினியில் போட்டு, பக்கத்துத் தோலில் கொஞ்சம் எடுத்து மச்சத்தின்மேல் ஒட்டினேன். இரண்டு கிளிக், மச்சம் போய்விட்டது. அவள் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள்.

"இவ்வளவு லேசா?" என்றாள்.

அந்த முகத்தில் வந்த சந்தோசம் எனக்குப் போதையாகிவிட்டது. அதற்குப் பிறகு அவளுடைய எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதல் வேலை மச்சத்தை எடுப்பதுதான். அடையாள அட்டைக்குப் படம் எடுத்தவனும் நான்தான். அதிலும் எடுத்துவிட்டேன். ஆளை அடையாளம் காட்டுவதற்கென்றே இருக்கிற படத்தில் அவளுடைய அடையாளத்தை அழித்திருக்கிறேன், பாருங்கள். அன்று அதை அன்பு என்று நினைத்தேன். இன்று நினைத்தால் என் கையையே வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அதோடு விட்டேனா? புதிதாக ஒரு சூரியன் போடப் பழகினால் பரீட்சை அந்த வாவிக்கரைப் படத்தில்தான். இந்த வேலையில் ஒரு கணக்கு உண்டு. சூரியன் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்துக் கன்னத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் பிடிபட்டுவிடும். சூரியனை இடம் மாற்ற வழியில்லையென்றால் ஆளைத் திருப்பிவிடுவோம். இடது வலதாகும், வலது இடதாகும், கண்ணாடியில் பார்ப்பதுபோல. சேலைத் தலைப்பு வலது தோளில் கிடக்கும், ஆனால் செத்த வீட்டில் யார் அதைக் கவனிக்கிறார்கள்? என் மனைவியை அப்படி எத்தனை தடவை திருப்பினேன் என்று எண்ணவில்லை. கடை வாசலில் மாதிரிக்கு மாட்டியிருந்த படங்களில் ஒன்றில் அவள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னொன்றில் அந்தப் பக்கம்.

தொடுவதற்கு முதல் ஒரு பிரதி எடுத்துவை என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். வருகிறவர்களின் படங்களுக்கு அதை ஒழுங்காகச் செய்வேன். வீட்டுப் படம்தானே, எப்போது வேண்டுமானாலும் இன்னொன்று எடுக்கலாம் என்று அவளுடையதுக்குச் செய்யவில்லை. திருத்தியதை அதன்மேலேயே சேவ் பண்ணிவிட்டேன். ஒருநாள் நடந்த தவறு என்றால் மனம் ஆறலாம். வருடக்கணக்காக அப்படித்தான் செய்தேன்.

ஒரு மாரிகாலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை.

நினைவு மலரை நானே செய்தேன். வேறு யாரிடம் கொடுப்பது? வாவிக்கரைப் படத்தைத் திறந்து, அவளை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் கடலைப் போட்டு, சூரியனை மறைய வைத்தேன். அவள் சிரித்துச் சிரித்துக் கேலி பண்ணிய பொய்யை அவளுடைய தலைக்குப் பின்னாலேயே போட்டிருக்கிறேன். துக்கத்தில் மூளை வேலை செய்யவில்லை, கை தனக்குப் பழகியதைச் செய்துகொண்டு போனது. முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் எல்லோரும் நல்ல வடிவாயிருக்கு என்றார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது. மலரைக் கையில் வைத்துக்கொண்டு, "இது ஆரு அப்பா?" என்று கேட்டாள். அம்மா என்றேன். சின்னப் பிள்ளை, விளங்கவில்லை என்று நினைத்தேன்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று. போன வருடம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள், கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள்.

"அப்பா, அம்மாட மச்சம் எந்தப் பக்கம்?"

"ஏன் மகள்?"

"எனக்கு மறந்திட்டு. நான் விரலால அமத்தினா அம்மா 'டிங்' எண்டு சொல்லுவா. அது ஞாபகம் இருக்கு. எந்தக் கன்னமெண்டுதான் தெரியல்ல."

இடது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கணமே வலது என்று பட்டது. கண்ணை மூடி யோசித்தேன். எனக்குள் வந்து நின்ற முகம் நான் துடைத்து மெழுகிய முகம். செம்மஞ்சள் வெளிச்சம், வழுவழுத்த கன்னம், மச்சம் எங்குமில்லை. பதினொரு வருடம் ஒன்றாக வாழ்ந்தவளின் முகத்தைக் கேட்டால் என் மூளை நான் செய்த போஸ்டரை எடுத்து நீட்டுகிறது. படம் பார்த்துச் சொல்கிறேன் என்று மகளிடம் சமாளித்தேன்.

கணினியில் இருந்த எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். சேலைத் தலைப்பை வைத்து எந்தப் படம் திரும்பியது, எது திரும்பாதது என்று கண்டுபிடிக்கலாம். கண்டுபிடித்து என்ன செய்ய, மச்சம்தான் எதிலும் இல்லையே. கலியாண அல்பத்தில் அலங்காரம் செய்தவள் மாவில் போட்டெடுத்ததுபோல் முகத்தை வெள்ளையாக்கி விட்டிருந்தாள். என் மனைவியின் சின்ன வயதுப் படங்கள் சுனாமியில் வீட்டோடு போயின. என் பழைய போனில் இருந்த நாலைந்தில் போனே முகத்தைப் பூசி மெழுகியிருந்தது. இப்போதெல்லாம் அதற்கு என்னைப்போல ஒருவன் தேவையில்லை.

மிச்சமிருந்தது கல்குடாவில் இருக்கிற அவளுடைய அக்கா. ஒரே அக்கா. போன் எடுத்துக் கேட்டபோது, "ஓம் தம்பி, படமொண்டு இருக்கு. என்ட மகள் பெரிய பிள்ளையானதுக்குச் செஞ்ச சாமத்தியச் சடங்கில என்ட போனால எடுத்தது. பெரிசாக்கி வீட்டில மாட்டியிருக்கன், வந்து பாருங்க" என்றார். அவர் எடுத்த படம், என் கை படாதது. அன்றிரவு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் மகள் ஏதேதோ கதைத்துக்கொண்டு வந்தாள். அந்தப் படத்தைத் தன் மேசையில் வைக்க வேண்டும், கடைக்குத் தரமாட்டேன், நீங்கள் தொடக்கூடாது என்று கட்டளையெல்லாம் போட்டாள். தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

வீட்டு முன்னறையில் கால் வைத்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சுவரில் கடல். கடலில் சூரியன். அந்த நெருப்பு நிறம் எங்கே தொடங்கி எங்கே ஊதாவாகும் என்று கண்ணை மூடிக்கொண்டும் சொல்வேன், ஏனென்றால் அது என் சூரியன். முன்னால் என் மனைவி, மாசு மறுவில்லாமல்.

"நீங்கதானே தம்பி வடிவாக்கிப் பெரிசாப் போட்டுத் தந்தீங்க" என்றார் அக்கா. செய்தது சுத்தமாக மறந்து போயிருந்தது. எத்தனையோ ஆயிரத்தில் ஒன்று.

"போனில இருந்த படம்?"

"அந்தப் போன் பழுதாகி எறிஞ்சு எவ்வளவு காலம்."

மகள் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். நான் நேரே கேட்டேன், மச்சம் எந்தக் கன்னத்தில் என்று. அக்கா யோசிக்காமல் தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பெரியம்மா, அது அம்மாட வலதா? இல்லாட்டி அம்மா முன்னுக்கு நிக்க, எங்களுக்குத் தெரியிற வலதா?" என்று கேட்டாள் மகள்.

அக்காவின் விரல் கன்னத்தில் அப்படியே நின்றது. சுவரிலிருந்த தங்கையைப் பார்த்தார். கையை மற்றக் கன்னத்துக்குக் கொண்டுபோனார், பிறகு திரும்பவும் பழைய இடத்துக்கு. கடைசியில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "கூடப் பிறந்தவள்ற முகம் எனக்கு மறந்து போயிட்டே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மறந்ததுக்குக் காரணம் வயது அல்ல. தினமும் கண்ணில் படுகிற இடத்தில் அந்தப் பொய்யைத் தொங்கவிட்டவன் நான்.

திரும்பி வரும்போது வயல் பக்கமாகப் பொழுது பட்டுக்கொண்டிருந்தது. பஸ்ஸில் இரண்டு பேர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி அதைப் படமெடுத்தார்கள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் காலை வீட்டிலேயே கணினியைத் திறந்து வாவிக்கரைப் படத்தை எடுத்தேன். செய்ததையெல்லாம் தலைகீழாகச் செய்து பார்ப்போம் என்று ஒரு பைத்தியக்கார யோசனை. சூரியனை எடுத்தேன். அதற்குக் கீழே வானம் இல்லை, எப்போதோ அழித்திருக்கிறேன். சாம்பல் நிறமாக ஒன்றைப் பூசினேன். அவளுடைய தோலிலிருந்து செம்மஞ்சளை இறக்கினேன். அவள் மாநிறம் என்பது தெரியும், எவ்வளவு மாநிறம் என்பதைக் குத்துமதிப்பாகத்தான் வைத்தேன். மகள் பின்னால் வந்து நின்றாள்.

சின்னப் பிரஷ்ஷை எடுத்து, இடது கன்னத்தில், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு புள்ளி வைத்தேன்.

மகள் மூச்சை இழுத்தது கேட்டது. "ஓம் அப்பா. அம்மா. இதுதான் அம்மா" என்றாள்.

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. உயிரோடு வந்து நின்றதுபோல்தான் இருந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் விடவில்லை. புள்ளியைப் பிடித்து மற்றக் கன்னத்துக்கு இழுத்து வைத்தேன்.

அவள் கனநேரம் பார்த்தாள்.

"இதுவும் அம்மாதான்" என்றாள், குரல் இறங்கி. பிறகு, "எது சரி அப்பா?"

"தெரியாது மகள்."

அப்படிச் சொன்ன நேரம்தான் என் வாழ்க்கையிலேயே எனக்கு ஆகக் கேவலமான நேரம். அவள் திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து, மவுஸின் மேலிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப சேவ் பண்ணாதீங்க. பிழையான பக்கத்தில வச்சா, பிறகு நான் அதைத்தான் அம்மா எண்டு ஞாபகம் வச்சிருப்பன். எடுத்து விடுங்க."

அவள் பார்த்துக்கொண்டு நிற்க, மச்சத்தை அழித்தேன்.