நாற்பத்தோரு பேருக்கு நல்ல தண்ணி

இன்று காலை எங்கள் வீட்டு டப்புக்குள் இருந்து ஒரு தவளை ஏறி வெளியே வந்து உட்கார்ந்தது!

பாதி வால் இன்னும் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தவளை. சத்தியமாகத் தவளை.

(பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். தனியாகச் சிரிக்கிறேன் என்று பக்கத்து சீட்காரர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபாண்டைத் திட்டுங்கள், என்னை அல்ல.)

புதிதாக வந்தவர்களுக்காக முன்கதை. நாங்கள் இருப்பது மரக்காணம். என் வீட்டுக்காரர் ஏழுமலை உப்பளத்தில் மேஸ்திரி. மழைக்காலத்தில் உப்பளத்துக்கு லீவு. அதாவது, மனுஷன் முழு நேரமும் வீட்டில்! (என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.)

ஐப்பசி மழையில் கொல்லையில் கிடந்த துணி துவைக்கிற டப் நிறைந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அதில் ஜவ்வரிசிப் பாயாசம் மாதிரி ஏதோ மிதக்கிறது. ஒவ்வொரு ஜவ்வரிசிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி.

தவளை முட்டை!

கொட்டிவிடலாம் என்று டப்பைச் சாய்க்கப் போனேன். மனசு வரவில்லை. வளர்க்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னேன். கோழியே வளர்க்கத் தெரியாதவள் தவளை வளர்க்கப் போகிறாளாம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

சில நாளில் எல்லாம் தலையும் வாலுமாக நீந்த ஆரம்பித்தன. தலைப்பிரட்டைகள்! மறுநாள் டப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? சிரித்த அதே ஆள்தான்.

முதலில் சாதம் போட்டுத் தண்ணீரை நாறடித்தேன். இங்கே வந்து புலம்பினேன். அரைக்கீரையை நன்றாக வேகவைத்துத் துளித்துளியாகப் போடச் சொல்லி உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் வீட்டில் முகம் சுளிக்காமல் கீரை தின்ற முதல் ஜீவன்கள் அவைதான்.

பின்னங்கால் முளைத்த அன்று, பெண்ணுக்கு வரன் அமைந்த மாதிரி அவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

அப்புறம் மழை நின்றது. டப்பில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது.

எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அதை ஊற்றலாமா என்று எனக்குத் தயக்கம். இதைக் கேட்க உப்பளத்து மேஸ்திரியை விட்டால் யார்? பாத்தியில் கட்டியிருக்கும் தண்ணீரை நாக்கில் வைத்தே உப்பு எத்தனை டிகிரி என்று சொல்கிறவர். போர் தண்ணீரை ஒரு வாய் குடித்துச் சப்புக்கொட்டித் தீர்ப்பு சொன்னார்.

"நல்ல தண்ணிதான்டி. தாராளமா ஊத்து."

நான் முழித்ததைப் பார்த்து, உப்பளத்தில் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயையும் கொண்டுவந்து மிதக்கவிட்டார். ஜீரோ காட்டியது. ஊற்றினேன்.

மறுநாள் காலையில் ஏழெட்டு தலைப்பிரட்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மிச்சம் இருந்தவை அடியில் அசையாமல் கிடந்தன.

இருபது வருஷமாகப் பாத்தித் தண்ணீரையே ருசி பார்த்த நாக்குக்கு எங்கள் போர் தண்ணீர் இளநீர்தானே! அந்தக் குழாயும் உப்பளத்துக்கென்று செய்தது. இந்தச் சின்னக் கரிப்பெல்லாம் அதற்குக் கணக்கிலேயே வராது. இது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அழுதுவிட்டேன். அவரை நன்றாகத் திட்டவும் செய்தேன். பானையில் இருந்த குடிதண்ணீரை எல்லாம் ஒரு அகலமான பேசினில் ஊற்றி, உயிரோடு இருந்தவற்றை ஒவ்வொன்றாக அதில் விட்டேன்.

அவர் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார். கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அந்த மனுஷன் குடம் தூக்கி நான் பார்த்ததே இல்லை!

எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு ரஷீதாக்காவுக்கு ஒரே ஆச்சரியம்.

"இன்னா ஏழுமலை, நீ வந்திருக்க? வூட்ல விருந்தாளியா?"

"ஆமாக்கா. நாப்பத்தோரு பேரு."

(எண்ணிவிட்டுத்தான் போயிருக்கிறார்!)

அன்று நாங்கள் குடிக்கத் தண்ணீர் ரஷீதாக்கா வீட்டில் வாங்கினோம். என் வீட்டுக்காரர் கொண்டுவந்த தண்ணீரை ப்ளீச்சிங் வாசனை போக ஒரு நாள் வெயிலில் வைத்து, பிறகு கழுவிய டப்பில் ஊற்றினோம். அதிலிருந்து குழாய் வரும் நாளெல்லாம் குடம் அவர் கையில்தான். ஒன்றுகூடச் சாகவில்லை.

இன்று காலை முதல் ஆள் வெளியே வந்து, நான் காபி குடித்து முடிப்பதற்குள் ஆறு பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவுதான். எங்கள் கொல்லைக்கு இடது பக்கம் குட்டை. வலது பக்கம் உப்பளம். ஆறும் எந்தப் பக்கம் போயின என்று நினைக்கிறீர்கள்?

உப்பளத்துப் பக்கம்!

எனக்குப் பக்கென்றது. அதற்குள் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உப்பு வாருகிற பலகையைத் தூக்கிவந்து வழியில் குறுக்கே போட்டு, அதன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பதினைந்து ஆளை வைத்து வேலை வாங்குகிறவர், ஒவ்வொரு தவளையாக விரலால் குட்டைப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டே பேசுகிறார்.

"அந்தப் பக்கம் போவாதீங்கடா. அங்க போறதுக்கு நான் இருக்கேன். நீங்க இப்டிப் போங்க."

சிரித்துக்கொண்டேதான் நின்றேன். கண் மட்டும் ஏனோ நிறைந்துவிட்டது.

டப்பில் இன்னும் முப்பத்தைந்து பேர். நான் கிளம்பும்போதும் அவர் பலகையோடு அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது, உள்ளே வாங்க என்றால் வரமாட்டேன் என்றுவிட்டார்.

தை மாசம் உப்பளம் திறந்து அவரை வேலைக்குக் கூப்பிடுவதற்குள் எல்லாரும் கரையேறிவிடுவார்கள்தானே? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அவர் அதைத்தான் கேட்பார்.