எங்கள் லயத்தில் போஞ்சியே இல்லை

பயிர்க் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தபோது என்னைப் பன்வில பக்கம் போட்டார்கள். அங்குள்ள தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளில், நான் பிறந்த லயமும் அதற்குள் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இஸ்திரி போட்ட சேலை கசங்காமல் போய் இறங்க வேண்டும் என்பதற்காகவே, இடமிருந்தும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

மரக்கறி விளைவதாகக் கணக்கில் இருக்கும் இடங்களுக்குத்தான் அரசாங்கக் கொள்வனவு லொறி போகும். எங்கள் பக்கம் வந்ததே இல்லை. லயத்துக்குப் பின்னால் அப்பா போடும் போஞ்சிக் காயை ரோட்டுக்குச் சுமந்துபோய், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, வழி முழுக்க அந்த வியாபாரியைத் திட்டிக்கொண்டே திரும்புவார். அந்த லொறியைக் கொண்டுவந்தே தீருவது என்றுதான் நான் போனேன்.

தோட்ட நிர்வாகம் எனக்குத் துணையாகக் கணக்கப்பிள்ளையை அனுப்பியது. நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்று அடிக்கடி ஞாபகப்படுத்துபவர் அவர். அவரைக் கண்டதும் லயம் முழுவதும் விவசாயத்தைக் கைவிட்டது. முதல் வீட்டில் எதுவுமே போடவில்லை என்றார்கள். அடுத்த வீட்டு அக்கா, தன் தலைக்கு மேல் தொங்கிய பீர்க்கங்காயைக் காட்டி, அது தானாக முளைத்தது என்றார்.

எங்கள் வீடு வந்தது. சொந்த வீடானாலும் கேள்வியை வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். அப்பா எழுந்து நின்றார்.

"ஒண்ணுமே போடலைங்க மிஸ்."

அவர் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த பின்கதவு வழியே, போஞ்சிக் கொடிகள் வரிசையாக ஆடின. இல்லை என்று எழுதினால் லொறி வராது. உண்டு என்று நானாக எழுதினால், பாத்தி பறிபோகுமோ என்று அப்பா தூங்கமாட்டார். தெளிவாகவே எழுதிய பேனாவை, எழுதாததுபோல் உதறிக்கொண்டு நின்றேன்.

அம்மா தேத்தண்ணியோடு வந்தார். முதல் கோப்பையைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டியபடி கேட்டார்:

"போன கெழம நம்ம போஞ்சிய எடுத்துட்டுப் போனீங்களே ஐயா, வீட்டுல பிஞ்சுன்னாங்களா, முத்தலுன்னாங்களா?"

கணக்கப்பிள்ளை தேத்தண்ணியை ஊதினார். ஆறிய பிறகும் ஊதினார்.

"இருக்கிறத எழுதிக்கங்க மிஸ். நானும் கொஞ்சம் கோவா போட்டிருக்கேன்" என்றார் கடைசியில்.

அப்பாவுக்கு உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நானும் மறுபடி மகளாகிவிட்டேன்.

"அப்பன்னா ஒரு ஏக்கர்னு போடும்மா."

அளவு நாடாவை எடுத்து, மறுமுனையை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கண்முன்னே ஏக்கர் சுருங்கிச் சுருங்கி, லயத்துக் கோயில் முற்றத்தின் அளவுக்கு வந்து நின்றது. பெற்ற பெண் இப்படியா அளப்பாள் என்று முணுமுணுத்தார். முதல் இரண்டு வீடுகளுக்கும் திரும்பப் போனோம். பீர்க்கு தான் நட்டதுதான் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார்.

அடுத்த போகத்துக்கு லொறி வந்தது. முதலில் ஏறியது, உருண்டை உருண்டையாக, கணக்கப்பிள்ளையின் கோவா. அதற்கும் அப்பா என் நாடாவைத்தான் குறை சொன்னார். ஏக்கர் என்று போட்டிருந்தால், முதலில் நம் போஞ்சியைத்தான் ஏற்றியிருப்பார்களாம்.