வானமாமலை செருகிய இனிஷியல்

தாராவியில் வளர்ந்து கம்ப்யூட்டர் படித்த வானமாமலைக்கு பம்பாயின் மேல் ஒரே கோபம். எங்கே போனாலும் சர்நேம் கேட்டார்கள். இல்லை என்றாலும் விடவில்லை. அப்பா பெயரைப் பிடித்துப் போட்டு இவனை ‘மிஸ்டர் இசக்கிப்பாண்டி’ ஆக்கினார்கள்.

எண்பத்தெட்டில் செம்பூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. ஒரு மில் சேட்டுக்காக, செம்பூர் கம்ப்யூட்டர் மில் ஆட்களின் விவரம் கேட்கும். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருக்கும் சேட்டின் ஆபீஸ் மெஷின் டெலிபோன் லைனில் பதில் அனுப்பும். எது முதலில், எது பிறகு என்று ஒரே விவரக் கோப்பில் எழுதிவிட்டால், இரண்டு பக்கத்துக்குமான புரோகிராமை மெஷினே எழுதித் தரும். பெயர், சர்நேம், பதவி, பிறந்த தேதி. அவ்வளவுதான் வரிசை. சோதனை ஒழுங்காக நடந்தால் வானமாமலைக்கு ஆறு மாதம் அமெரிக்கா. மனைவி பேராச்சி தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

“மெஷின் எழுதினதைக் கையால தொடாதே,” என்று மாதுங்காக்கார மேனேஜர் சந்திரமௌலி படித்துப் படித்துச் சொன்னார். “மாத்தணும்னா விவரக் கோப்பை மாத்து. ரெண்டு பக்கமும் சேர்ந்து மாறும்.”

கோப்பை மாற்ற நாலு பேரைக் கேட்கவேண்டும். துரைக்கு அதற்குப் பொறுமை ஏது? மெஷின் எழுதின புரோகிராமிலேயே பெயருக்கு முன்னால் ‘இனிஷியல்’ என்று ஒன்றைக் கையால் செருகி, இரண்டு பக்கத்தையும் தன் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்தான். தானே கேட்டுத் தானே பதில் சொன்னால் எந்த மடையனுக்கும் நூற்றுக்கு நூறுதான். அதே கம்பெனியிலிருந்து கோட்டைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட ரோஷனிடம் மூச்சுவிடவில்லை.

சோதனைக்குச் சேட் வந்தார். மரியாதைக்கு அவர் விவரத்தையே முதலில் கேட்டான். இனிஷியல் இடத்தில் சேட்டின் பெயர் முழுசாக வந்து உட்கார்ந்தது. பெயர் இடத்தில் சர்நேம். சர்நேம் இடத்தில் டைரக்டர். பதவி: 12 மார்ச் 1931.

“பிறந்தது மட்டும்தான் நான் பார்த்த வேலையா?” என்று சேட் இந்தியில் கேட்டார். உண்மைதான், ஆனால் அதை மெஷின் சொல்லியிருக்கக் கூடாது.

சந்திரமௌலி ரோஷனுக்கு போன் போட்டார். “என் பக்கம் கோப்புல உள்ளபடிதான் இருக்கு சார். அங்க யாரும் கை வச்சாங்களா?”

எல்லாரும் வானமாமலையைப் பார்த்தார்கள்.

“சர்நேம் இல்லாதவனும் மனுஷன்தானே சார்?”

“மனுஷன்தான். அதை ரோஷன்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமோல்லியோ?”

அமெரிக்கா ரோஷனுக்குப் போனது.

“தப்பு கோட்டைப் பக்கம்தான். நான் கேக்கது ரோஷன் மெஷினுக்குப் புரியல,” என்றான் வீட்டில்.

“அப்பம் ரோஷன எதுக்கு அனுப்புதாவ?” என்றாள் பேராச்சி.

“ஒனக்குச் சொன்னா வெளங்காது. சோத்தப் போடு.”

“வெளங்குத மாதிரி தெருவுலயாவது சொல்லிட்டு வாங்க. சோறு எங்கயும் போவாது.”